மாடு ஒண்ணும் பைப் இல்லீங்க

முதல்லயே சொல்லிடறேன், இது மொக்கைப் பதிவு இல்ல. கொஞ்சம் நீளம், கொஞ்சம் கோபம், நடுவுல ஒரு கூட்டல் கணக்கு வேற. ஆபீஸ்ல ஆணி அதிகமா இருக்கறவங்க சேமிச்சு வெச்சுக்கிட்டு சனிக்கிழமை படிங்க.

நான் சண்டைக்கு இழுக்கறது ரெண்டு கோஷ்டியை. முதல் கோஷ்டி, "மாட்டுக்கு தினம் எண்ணெய் ஊத்துங்க, பால் கெட்டியாகும், ஃபேட் சும்மா எகிறும்"னு யூட்யூப்லயும் வாட்ஸப்லயும் வைத்தியம் சொல்ற கோஷ்டி. ரெண்டாவது, பால்ல கொழுப்பு கொஞ்சம் இறங்கின உடனே "தண்ணி ஊத்திட்டாங்கய்யா"ன்னு தீர்ப்பு எழுதற கோஷ்டி. ரெண்டும் எதிரெதிர் கட்சி மாதிரி தெரியும். ஆனா ரெண்டு பேர் மண்டைக்குள்ளயும் ஓடறது ஒரே படம்தான். மாடுங்கறது ஒரு பைப். இந்தப் பக்கம் எண்ணெய் ஊத்தினா அந்தப் பக்கம் வெண்ணெய் வரும். வெண்ணெய் குறைஞ்சா, எவனோ நடுவுல பைப்ல தண்ணி விட்டுட்டான்.

இந்தப் படம் தப்பு. தப்பா இருந்துட்டுப் போகுது, நமக்கென்னன்னு விட முடியாது. ஏன்னா இதுக்கு ரெண்டு தடவை காசு குடுக்கறது மாடு வெச்சிருக்கறவங்க. எண்ணெய் வாங்க ஒரு தடவை, பால் விலையில பிடித்தமா இன்னொரு தடவை.

ஒரு சின்னக் கணக்கு பாருங்க. நம்ம ஊர்ல நல்லாக் கறக்கற ஒரு கலப்பின மாடு, நாளைக்கு 10 லிட்டர் பால், கொழுப்பு 4 சதவீதம்னு வெச்சுக்குவோம். அப்ப மடியில இருந்து தினம் 400 கிராம் கொழுப்பு வெளிய வருது. அந்த மாடு திங்கறது ஈரத்தைக் கழிச்சுப் பார்த்தா சுமாரா 12 கிலோ. புல்லு, வைக்கோல், கொஞ்சம் தீவனம்னு சாதாரணமா போடற சாப்பாட்டுல கொழுப்பு இரண்டு, இரண்டரை சதவீதம்தான் இருக்கும். அதாவது 300 கிராம் உள்ள போகுது, 400 கிராம் வெளிய வருது. பைப்பா இருந்தா இது எப்படி சார் நடக்கும்?

நடக்கறதுக்குக் காரணம் மாட்டோட முதல் வயிறு. ரூமன்னு சொல்றாங்க. நூறு லிட்டருக்கும் மேல பிடிக்கற ஒரு புளிக்க வைக்கற தொட்டி அது. காத்து கிடையாது, சூடு 39 டிகிரி பக்கத்துல எப்பவும் ஒரே மாதிரி. ஒரு மில்லிலிட்டர்ல ஆயிரம் கோடி கணக்குல பாக்டீரியா. மாட்டுக்கு வைக்கோலைச் செரிக்கற என்சைம் சொந்தமா கிடையாது. செரிக்கறது இந்த வாடகைக்காரங்கதான். இவங்க நாரைத் தின்னுட்டு கழிவா வெளிய விடறது அசிட்டிக், ப்ரோப்பியானிக், பியூட்டிரிக்னு சில அமிலங்கள். அசிட்டிக் அமிலம்னா பயப்படாதீங்க, வினிகர்ல இருக்கற அதே சரக்குதான். அது ரத்தத்துல ஏறி மடிக்குப் போய், அங்க துண்டு துண்டா கோர்க்கப்பட்டு கொழுப்பாகுது. பால்ல இருக்கற கொழுப்பு அமிலங்கள்ல ஏறக்குறைய பாதி இப்படி மடியிலயே புதுசாத் தயாராகறது. மீதிதான் சாப்பாட்டுல இருந்தும் உடம்புக் கொழுப்புல இருந்தும் ரத்தம் வழியா வருது.

அதாவது உங்க காபியில மிதக்கற ஆடையில பாதி, வைக்கோல்ல இருந்தும் புல்லுல இருந்தும் வந்தது. எண்ணெய்ல இருந்து இல்ல. இதை முதல்ல கேட்டப்போ எனக்கே கொஞ்சம் மயக்கமாத்தான் இருந்துச்சு.

இப்போ அந்தத் தொட்டியில எண்ணெயை ஊத்தினா என்ன ஆகும்?

நாலு விஷயம் ஆகும், அதுல எதுவுமே நல்ல விஷயம் இல்ல. எண்ணெய் நார் மேல படலமாப் படிஞ்சுக்கும், பாக்டீரியாவுக்கு உள்ள நுழைய வழி இருக்காது. நாரைத் தின்னற பாக்டீரியாக்களுக்கும் புரோட்டோசோவாக்களுக்கும் சூரியகாந்தி, சோயா, தவிட்டு எண்ணெய் மாதிரி நிறைவுறாக் கொழுப்பு நேரடியாவே விஷம். அதுங்களோட சவ்வையே கெடுக்கும். எண்ணெய்ல சக்தி இருக்குதான், கிராமுக்கு மாவுச்சத்தை விட ரெண்டு மடங்குக்கும் மேல. ஆனா அந்த சக்தி பெரும்பாலும் இந்த பாக்டீரியாக்களுக்குப் பயன்படாது, கொழுப்பு அமிலங்கள் புளிக்காது. கடைசியா, நார் செரிக்கலைன்னா தொட்டி சீக்கிரம் காலியாகாது, அப்ப மாடு தீவனத்தையே குறைச்சுக்கும். சாணி கொழகொழன்னு போகும். அதுல அரைகுறையாச் செரிச்ச வைக்கோல் துண்டு தெரியும். மாடு வெச்சிருக்கறவங்களுக்கு நான் என்ன சொல்றேன்னு புரியும்.

"எங்க வீட்டுல தேங்காய் எண்ணெய்தானே, அது நிறைவுற்ற கொழுப்பாச்சே"ன்னு ஒரு அண்ணாத்தை கெளம்புவார்னு தெரியும். அதுல இருக்கற லாரிக் அமிலம் புரோட்டோசோவாவைக் கொல்றதுல இன்னும் கெட்டிக்காரன். உட்காருங்க.

நார் செரிக்கலைன்னா அசிட்டிக் அமிலம் குறையும், கொழுப்பும் குறையும்னு இதோட நிறுத்திக்கலாம். ரொம்ப காலம் விஞ்ஞானிங்களும் இப்படித்தான் நெனச்சாங்க. கதை அதை விட சுவாரஸ்யம். தீவனத்தால பால்ல கொழுப்பு சரியறதை 1845லயே பிரெஞ்சு வேதியியல்காரர் பூசிங்கோ எழுதி வெச்சார். ஏன்னு கண்டுபிடிக்க 150 வருஷத்துக்கும் மேல ஆச்சு. அசிட்டிக் அமிலம் குறைஞ்சதாலதான்னு சொன்ன விளக்கம் கணக்குல உதைச்சுது. சில மாடுகள்ல அசிட்டிக் அமிலம் அப்படியே இருக்கு, கொழுப்பு மட்டும் பாதியாப் போகுது.

விடை என்னன்னா, பாக்டீரியாக்கள் விஷத்தை முடக்கப் பார்க்கும். நிறைவுறாக் கொழுப்புக்கு ஹைட்ரஜன் ஏத்தி ஏத்தி, படிப்படியா நிறைவுற்ற கொழுப்பாக்கிடும். தொட்டி ஆரோக்கியமா இருந்தா இது ஒரு வழக்கமான பாதையில போகும். எண்ணெய் அதிகமாகி, கூடவே அரிசி, சோறு, கஞ்சின்னு மாவுச்சத்தும் அதிகமாகி, தொட்டியில புளிப்பு ஏறிச்சுன்னா பாதை மாறும். அந்த மாத்துப் பாதையில, இடையில ஒரு சரக்கு தயாராகும். டிரான்ஸ்-10, சிஸ்-12 சி.எல்.ஏ. பேரு பாஸ்வேர்டு மாதிரி இருக்கேன்னு பார்க்காதீங்க. வேலையும் அப்படித்தான். இது மடிக்குப் போய், கொழுப்பு தயாரிக்கற ஜீன்களையே அடக்கிடும். 2000ல கார்னெல் பல்கலைக்கழகத்துல டேல் பௌமன் குழு, இந்தச் சரக்கை நாளைக்கு வெறும் 10 கிராம் வீதம், முதல் வயித்தைத் தாண்டி நேரா நாலாவது வயித்துல 4 நாள் செலுத்திப் பார்த்தாங்க. பால் கொழுப்பு 40 சதவீதத்துக்கும் மேல சரிஞ்சுது. அதே பேரு கொண்ட, இரட்டைப் பிணைப்பு மட்டும் இடம் மாறின அண்ணன் தம்பிச் சரக்கை செலுத்தினா ஒண்ணும் ஆகல.

பத்து கிராம். ரெண்டு டீஸ்பூன். நம்ம தொழில்ல ஒரு அரைப்புள்ளி விட்டுப்போய் சர்வரே படுத்துக்குமே, அந்த மாதிரி.

ஆக, எண்ணெய் கோஷ்டி சொல்றதுக்கு நேர் எதிரா நடக்கும். எண்ணெயை ஊத்த ஊத்த ஃபேட் இறங்கும்.

"ஊத்தறது ஒரு நூறு, இருநூறு மில்லிதானே, இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்"னு கேப்பீங்க. நம்ம ஊர் மாட்டுத் தொட்டியில ஏற்கெனவே எவ்வளவு எண்ணெய் இருக்குன்னு யாரும் கூட்டிப் பார்க்கறதில்ல. அதான் பிரச்சனையே. 12 கிலோவுல 3 கிலோ ரைஸ் மில் பச்சைத் தவிடு. எண்ணெய் எடுக்காத தவிடுல 15 சதவீதம் எண்ணெய் இருக்கும், ஆக 450 கிராம். ஒரு கிலோ செக்குப் புண்ணாக்கு, அதுல 10 சதவீதம் தங்கியிருக்கும், 100 கிராம். இப்பல்லாம் மரச்செக்கு மோகம் வேற. நமக்கு நல்ல எண்ணெய் கிடைக்குது, சரி. ஆனா பெரிய ஆலைப் புண்ணாக்கை விட செக்குப் புண்ணாக்குல எண்ணெய் அதிகம் தங்கும்ங்கறது மாட்டுக்காரங்க கணக்குல வரணும். அடுத்தது ஒரு கிலோ பருத்திக்கொட்டை, 180 கிராம். மீதி 7 கிலோ புல்லும் வைக்கோலும், 140 கிராம். கூட்டுங்க, 870 கிராம். 12 கிலோவுக்கு 7 சதவீதத்தைத் தாண்டிடுச்சு. பாடப் புத்தகங்கள்ல 6, மிஞ்சிப் போனா 7 சதவீதம்தான் வரம்பு. இன்னும் பாட்டிலைத் திறக்கவே இல்ல! இது மேல 200 மில்லி ஊத்தினா எட்டரை சதவீதத்தைத் தாண்டும்.

பருத்திக்கொட்டை பத்தி ஒரு வார்த்தை சொல்லாம போனா மதுரைக்காரங்க அடிக்க வருவாங்க. பருத்திக்கொட்டை போட்டா பால் கெட்டியாகும்னு நம்ம தாத்தா பாட்டி சொன்னது சும்மா இல்ல. முழுக் கொட்டையாப் போகும்போது தோலு, பஞ்சு எல்லாம் நார். உள்ள இருக்கற எண்ணெய் மெதுவா, மாடு அசை போட அசை போடத்தான் வெளிய வரும். பாக்டீரியா சமாளிச்சுக்கும். அதையே ஊற வெச்சு நைஸா ஆட்டிப் பாலாக்கி வெச்சா எண்ணெய் மொத்தமும் ஒரே நேரத்துல தொட்டியில இறங்கிடும். அளவு கொஞ்சமா இருந்தா பரவாயில்ல. கூடவே தவிடும் கஞ்சியும் சேரும்போதுதான் வில்லங்கம். பாட்டி சொன்னது தப்பில்ல. பாட்டி காலத்து மாடு நாள் பூரா மேய்ஞ்சுட்டு வந்துச்சு, அந்த நாரு எங்கேன்னுதான் கேக்கறேன்.

இனி ரெண்டாவது கோஷ்டி. என் ரத்தக் கொதிப்பு இங்கதான்.

எங்க பெரியம்மா திருவண்ணாமலை பக்கம் ரெண்டு ஜெர்சிக் கலப்பு மாடு வெச்சிருக்காங்க. பெரியப்பா போனப்புறம் வீடு ஓடறது அந்தப் பாலுலதான். போன வருஷம் வைக்கோல் விலை ஏறினதால அதைக் குறைச்சு, தவிட்டைக் கூட்டினாங்க. பக்கத்து வீட்டுப் பையன் செல்போன்ல ஒரு வீடியோ காட்ட, காலையில ஒரு டம்ளர் எண்ணெயும் ஆரம்பிச்சாச்சு. ரெண்டு வாரத்துல 4.1 இருந்த கொழுப்பு 2.9க்கு வந்துடுச்சு. பால் ஊத்தற இடத்துல, வரிசையில பத்துப் பேர் கேனோட நிக்கறாங்க, அளக்கறவர் கேட்டாராம்: "என்னம்மா, மோட்டார்ல தண்ணி நல்லா வருது போல?"

பெரியம்மா போன்ல என்கிட்ட சொன்னது இதுதான்: "காசு போனா போவுது தம்பி. இருபத்தஞ்சு வருசமா பால் ஊத்தறேன். எல்லாரும் சிரிச்சாங்கடா."

நான் பொட்டி தட்டறவன், எனக்கு மாடு பத்தி என்ன தெரியும். சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். கொழுப்பு 2.9. எஸ்.என்.எஃப். 8.5. பழைய சீட்டுல கொழுப்பு 4.1, எஸ்.என்.எஃப். அதே 8.5. எஸ்.என்.எஃப்.னா பால்ல கொழுப்பைத் தவிர்த்த மத்த திடப்பொருள் எல்லாம், புரதம், சர்க்கரை, தாது உப்பு.

பத்தாங்கிளாஸ் கணக்குதாங்க இது. தண்ணிக்கு கொழுப்பு மேல மட்டும் தனிப் பகை கிடையாது. 4 சதவீதக் கொழுப்பும் 8.5 எஸ்.என்.எஃப்.பும் இருக்கற 10 லிட்டர் பாலுல 2 லிட்டர் தண்ணி ஊத்தினா, கொழுப்பு 3.3 ஆகும், எஸ்.என்.எஃப். 7.1 ஆகும். ரெண்டும் சேர்ந்துதான் விழும். கிராமத்துல 'டிகிரி'ன்னு சொல்ற லாக்டோமீட்டர் அளவு 30ல இருந்து 25க்கு இறங்கும். ஆனா மாட்டுக்குள்ளயே கொழுப்பு மட்டும் குறைஞ்சா? கொழுப்பு தண்ணியை விட லேசு. லேசான சரக்கு போனா பால் கனமாகும். டிகிரி 30ல இருந்து 31க்கு ஏறும்! தண்ணி ஊத்தின பாலும் எண்ணெய் குடிச்ச மாட்டோட பாலும் லாக்டோமீட்டர்ல எதிரெதிர் திசையில போகுது. இதைக் கையில வெச்சுக்கிட்டே ஒரு பொம்பளையை வரிசையில நிக்க வெச்சு "மோட்டார் தண்ணி"ன்னு கிண்டல் பண்ணினா, அந்தக் கருவி எதுக்கு? பென்சில் ஸ்டாண்டா?

உடனே பின்னூட்டத்துல ஒரு புத்திசாலி வருவார். "தண்ணி ஊத்தலை சரி, ஆடையை எடுத்துட்டு ஊத்தியிருந்தா? அதுலயும் கொழுப்பு மட்டும்தானே குறையும்?" நல்ல கேள்வி, சத்தியமா. சீட்டை மட்டும் வெச்சு இதுக்குப் பதில் சொல்ல முடியாது. ஆனா பால் மேல தானா ஆடை கட்ட மணிக்கணக்கா அசையாம வெக்கணும். கறந்த கால் மணியில கேனைத் தூக்கிக்கிட்டு வர்ற அம்மாவுக்கு அதுக்கு நேரம் எங்க? அப்படியும் சந்தேகம்னா, வீட்டுக்குப் போய் கண்ணெதிர்ல முழுசாக் கறக்கச் சொல்லி, அந்தப் பாலை அளந்து பாருங்க. அதுலயும் 2.9 வந்தா திருடன் மாட்டுக்குள்ளதான் இருக்கான். முழுசான்னு சொன்னது முக்கியம். முதல்ல வர்ற பால்ல கொழுப்பு ரொம்ப கம்மி, கடைசியா வர்றதுதான் கெட்டி. கன்னுக்குட்டிக்குக் கடைசிப் பாலை விட்டா, கொழுத்த பாகம் அதுக்குப் போயிடும். இதுவும் கலப்படம் இல்ல, பாசம்.

பால் கொழுப்பை அளக்கற சோதனை பொறந்ததுக்கு ஒரு காரணமே ஏமாத்துக்காரங்கதான். 1890ல அமெரிக்காவுல விஸ்கான்சின்ல பாப்காக், அடுத்த ஓரிரு வருஷத்துல சுவிட்சர்லாந்துல கெர்பர், ரெண்டு பேரும் கந்தக அமிலத்தை வெச்சு சுலபமா அளக்கற வழி கண்டுபிடிச்சாங்க. (பாப்காக் காப்புரிமை வாங்காம சும்மாவே உலகத்துக்குக் குடுத்துட்டார். ஓப்பன் சோர்ஸ் மக்கள் கவனிக்க.) தண்ணி ஊத்தறவனையும் ஆடை எடுக்கறவனையும் பிடிக்க வந்த சோதனை. அதே சோதனை நேர்மையா ஊத்தறவங்களைக் காப்பாத்தவும் ஆச்சு. அந்த ரெண்டாவது பாதியைத்தான் நாம மறந்துட்டோம். சீட்டுல ரெண்டு எண் அச்சடிக்கறாங்க, ஒண்ணை மட்டும் படிக்கறாங்க.

எல்லாரும் நேர்மைன்னு நான் சொல்ல வரல. தண்ணி ஊத்தறவங்க இருக்காங்க, அதுக்கு மேலயும் கலக்கறவங்க இருக்காங்க. அவங்களைப் பிடிக்கத்தானே ரெண்டு எண் இருக்கு. கொழுப்பு எண்ணை வெச்சு விலையைக் குறைங்க, அது ஒப்பந்தம். பேரைக் கெடுக்கறது ஒப்பந்தத்துல இல்ல.

பெரியம்மா கதைக்கு மீதி சொல்லிடறேன். கால்நடை டாக்டர் வந்து எண்ணெயை நிறுத்தச் சொன்னார். தவிட்டைப் பாதியாக்கி, வைக்கோலைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, வரப்போரமா கோ-4 புல் கரணை நடச் சொன்னார். மூணு வாரத்துல 3.9க்கு வந்துடுச்சு. கிண்டல் பண்ணினவர் "இப்பத்தான் நல்ல பால் ஊத்தறீங்க"ன்னாராம். அதாவது இத்தனை நாள் ஊத்தினது கலப்படம்னு உறுதியே பண்ணிட்டார்!

இன்னொரு கூட்டமும் பாக்கி இருக்கு, பைபாஸ் கொழுப்பு விக்கறவங்க. இது மோசடி இல்ல, உண்மையான தொழில்நுட்பம். பாமாயில் கொழுப்பு அமிலத்தை சுண்ணாம்புச் சத்தோட சேர்த்து ஒரு மாதிரி சோப்பா ஆக்கிடறது. 1980கள்ல ஓஹையோவுல பாம்க்விஸ்ட், ஜென்கின்ஸ்னு ரெண்டு பேர் இதுல முக்கியமா வேலை பார்த்தாங்க. முதல் வயித்துல அதிகம் கரையாம கடந்து போய், நாலாவது வயித்து அமிலத்துல உடைஞ்சு, குடல்ல உறிஞ்சப்படும். பாக்டீரியாவுக்குத் தொந்தரவு குறைவு. கன்னு போட்ட புதுசுல, 15, 20 லிட்டர் கறந்துக்கிட்டு தின்னறதை விட அதிகமா உடம்பைக் கரைச்சுக் குடுக்கற மாட்டுக்கு நூறு, நூத்தைம்பது கிராம் குடுத்தா பலன் இருக்கும். ஆனா 6 லிட்டர் கறக்கற மாட்டுக்கு, புல்லுக்கே வழியில்லாத வீட்டுல, இதை மூட்டையா விக்கறது என்ன நியாயம்? அந்தக் காசுக்கு ரெண்டு கட்டு வைக்கோல் வாங்கிப் போட்டா அசிட்டிக் அமிலம் தானா வரும். வைக்கோலுக்கு விளம்பரம் குடுக்க ஆள் இல்ல, அவ்வளவுதான்.

நம்ம பங்குக்கு நாமளும் இருக்கோம். அபார்ட்மெண்ட் வாட்ஸப் குழுவுல "இன்னிக்குப் பால் தண்ணியா இருக்கு, பால்காரரை மாத்துங்க"ன்னு எழுதறது நாமதான். மாட்டுப் பொங்கலுக்கு கோமாதான்னு சட்டி நிறையப் பொங்கலையும் பழத்தையும் ஊட்டி செல்ஃபி எடுக்கறதும் நாமதான். வருஷா வருஷம் அந்த வாரத்துல வயித்துல புளிப்பு ஏறிப் படுத்துக்கற மாட்டுக்கு வைத்தியம் பார்க்கறது கால்நடை டாக்டருங்க. அன்பா ஏதாவது குடுக்கணும்னா ஒரு கட்டு புல்லு குடுங்க.

பதிவர்கள்ல மாடு வெச்சிருக்கறவங்க, வீட்டுல பெரியவங்க பால் ஊத்தறவங்க இருந்தா, ஒரு மாசச் சீட்டை எடுத்து கொழுப்பு, எஸ்.என்.எஃப். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. கொழுப்பு மட்டும் சரிஞ்சு மத்தது அப்படியே இருந்தா, முதல்ல தவிடு, சோறு, எண்ணெய் கணக்கைப் பாருங்க. யாராவது தண்ணின்னு சொன்னா அந்தத் தாளை அப்படியே மேஜை மேல வைங்க. பெரியம்மா இப்போ சீட்டையெல்லாம் ஒரு கவர்ல போட்டு கேனோடவே எடுத்துட்டுப் போறாங்க :)

டிஸ்கி: வயிறு உப்பின மாட்டுக்கு டாக்டர் சொல்லி எண்ணெய் புகட்டறது வேற விஷயம். அது நுரையை உடைக்கற முதலுதவி, ஒரு வேளை மருந்து. இந்தப் பதிவைப் படிச்சுட்டு அதை நிறுத்திடாதீங்க. தினசரி டம்ளரை மட்டும் நிறுத்துங்க. புகட்டும்போது மாட்டோட தலையை ரொம்பத் தூக்கிப் பிடிக்காதீங்க, எண்ணெய் நுரையீரலுக்குள்ள போயிடும்.